கடலின் பாதைகளை வரைந்தவர்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். கோவாவில் அவர் கரையிறங்கியது 1542-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாளில். பதின்மூன்று மாதப் பயணம்! இதில் ஏறக்குறைய ஆறு மாத காலம் அவரும் உடன் வந்தோரும் கடலில் இல்லை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்த மொசாம்பிக் தீவில் தங்கிக் கிடந்தனர். அங்கே அவர் நோயுற்றோருக்குப் பணிவிடை புரிந்ததை அவருடைய வரலாற்றைப் படித்தோர் அறிவர். ஏன் அங்கே தங்க நேர்ந்தது என்று கேட்போர் சிலரே. காரணம் காற்று. இந்தியாவை நோக்கிக் கப்பலைத் தள்ளிவரும் பருவக்காற்று அவ்வாண்டுக்கு முடிந்துவிட்டது. அடுத்தது எழும்வரை, அரசனே ஆணையிட்டாலும் பாய்மரக் கப்பல் நகராது.

காற்றின் காலக்கணக்கு அந்நாளைய மாலுமிகளுக்குப் புதிதன்று. அரபியரும் குஜராத்தியரும் நம் தமிழகக் கடலோடிகளும் அதைப் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கிய மக்கள் நாம். காற்று முகத்தில் படும். பாயைப் புடைக்கச் செய்யும். ஆனால் கடலுக்குள்ளேயே ஆறுபோல் ஓடும் நீர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நம் கடற்கரை ஊர்களில் அதை நீவாடு என்பர். நூல்களில் நீரோட்டம் என்று எழுதுகிறோம்.

அதன் அபாயத்தைக் கடலோரம் வாழாத நம்மவர்க்கு விளக்க ஓர் எளிய வழியுண்டு. மழைக்காலத்தில் குழித்துறை ஆற்றை ஒருவர் நீந்திக் கடக்க முயல்வதாகக் கொள்வோம். எதிர்க்கரைப் படித்துறையை நேராகக் குறிவைத்தே அவர் நீந்துகிறார். ஆயினும் கரையேறுவது படித்துறைக்கு வெகு கீழே. நீர் தம்மை இழுத்துச் சென்றதை அவர் உணரக் காரணம், கண்ணெதிரே கரை இருப்பதுதான். நாற்புறமும் கரையே இல்லாத நடுக்கடலில் என்ன செய்வது? கப்பல் நேரே செல்வதாகவே மாலுமி நம்பியிருப்பார். அது பக்கவாட்டில் அடித்துச் செல்லப்பட்டுக் கொண்டிருக்கும். மணிக்கு 2 மைல் வேகமுள்ள ஓட்டம் ஒரே நாளில் கப்பலை 48 மைல் வழிமாறச் செய்துவிடும். அதை அவர் அறிவது பெரும்பாலும் பாறையில் மோதிய பின்னரே.

இந்தப் புலப்படாத ஆறுகளை வரைபடத்தில் ஏற்றுவதற்கே வாழ்நாளின் பிற்பாதியைச் செலவிட்ட ஒருவர், தம் அளவைப்பணியின் தொடக்க நாள்களில் நம் பாக் நீரிணையில் படகோட்டியவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ஜேம்ஸ் ரென்னல் என்பது அவர் பெயர்.

நம் ஊர் வாசகர்கள் காலத்தை மனத்தில் இருத்திக்கொள்ள ஓர் அடையாளம் சொல்கிறேன். தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டையினுள் டிலனாயின் கல்லறை இருப்பதை அறிவீர்கள். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்டுப் பின் அவருக்கே படைத்தலைவரான அந்தக் கத்தோலிக்கர் 1777-இல் காலமானார். குளச்சல் போருக்கு அடுத்த ஆண்டில், 1742 டிசம்பர் 3-ஆம் நாள், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பிறந்தவர் ரென்னல். டிலனாய் மறைந்த அதே 1777-இல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். இருவருக்கும் வேறு தொடர்பு எதுவும் இல்லை.

ரென்னலின் தந்தை போர்க்களத்தில் மாண்ட பீரங்கிப்படை அதிகாரி. தந்தையற்ற சிறுவனை ஊரின் ஆங்கிலிக்கன் குருவானவர் வளர்த்தார். 1756-இல், பதினான்கு வயது நிரம்புமுன்பே, பையன் கடற்படையில் சேர்ந்துவிட்டான். 1760-இல் இந்தியாவுக்கு வந்தான். 1763-இல் கடற்படையைவிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பணியில் சேர்ந்து ஒரு கப்பலுக்குத் தலைவனும் ஆனான். அவ்வாண்டிலேயே சென்னைக் கடலில் வீசிய கடும்புயலில் அக்கப்பல் அழிந்தது. அப்பொழுது அவன் கரையில் இருந்தமையால் உயிர் மட்டும் மிஞ்சியது. உடைமைகள் யாவும் போயின.

அதன்பின் கிடைத்த ஒரு சிறு கலத்தைக் கொண்டுதான் அவர் பாக் நீரிணையையும் பாம்பன் கால்வாயையும் அளந்தார். (அப்பொழுது சென்னையின் ஆளுநராக இருந்தவர் ராபர்ட் பாக். நீரிணை அவர் பெயரால்தான் வழங்குகிறது. கம்பெனிக்குச் சமயப் பணியாளராக வந்தவர் ஆளுநர் நாற்காலியில் அமர்ந்த கதை தனியே எழுதத்தக்கது.) ஆழமற்ற அக்கடலில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி ஆழம் பார்ப்பதும், மணல்திட்டுகளை விலக்கிச் செல்வதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. அன்றைய ரென்னலுக்கு வயது இருபத்தொன்று.

அங்கிருந்து வங்காளத்துக்குச் சென்றார். 1764-இல் கங்கையின் கிளைகளை அளக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1767-இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார். 1766-இல் பூட்டான் எல்லையருகே ஆயுதமேந்திய சந்நியாசிக் கூட்டமொன்று தாக்கியதில் அவர் வெட்டுண்டு வீழ்ந்தார். தோள் எலும்பு பிளந்தது. இடக்கைச் சுட்டுவிரல் பயனற்றுப் போயிற்று. திறந்த படகொன்றில் கிடத்தி, சுமார் 300 மைல் தொலைவிலிருந்த டாக்கா நகருக்குக் கொண்டுசென்றனர். வழியில் மருத்துவர் எவருமில்லை. உடன் சென்ற நாட்டு மக்கள் வெங்காயத்தை அரைத்துக் காயங்களில் வைத்துக் கட்டினராம். மனிதர் பிழைத்தார், ஆனால் பழைய உடல் வலிமை அவருக்குத் திரும்பவேயில்லை.

இக்காலத்து அவருடைய உழைப்பின் பயனாக 1779-இல் வங்காள நிலப்பட வரிசை வெளியாயிற்று. பின்னர் இந்தியா முழுவதற்குமான வரைபடமும் வந்தது. இவற்றைப் புகழும்போது ஒன்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அந்தப் படங்கள் கம்பெனியின் படை நகரவும் வரி தண்டவும் உதவியவை. 1770-இல் வங்காளத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம் அவர் அந்நாட்டை அளந்துகொண்டிருந்த காலத்தில்தான் நேர்ந்தது. வாய்க்கால்களையும் வழிகளையும் அவ்வளவு நுட்பமாக அறிந்திருந்த ஓர் அரசு, பட்டினியால் மடிந்தோரைக் காக்க அவ்வறிவைப் பயன்படுத்தவில்லை.

கடலுக்குத் திரும்புவோம். 1777-இல் உடல் நலிந்த நிலையில் மனைவியுடன் தாயகம் புறப்பட்ட ரென்னலின் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே செல்லவேண்டியிருந்தது. அங்கே, கண்டத்தின் கீழ்க்கரையை ஒட்டித் தென்மேற்காகப் பாய்ந்து, முனையைத் தாண்டியதும் வளைந்து மீண்டும் இந்துமாக்கடலுக்கே திரும்பிவிடும் ஒரு மாபெரும் நீரோட்டம் உள்ளது. அகுல்யாஸ் ஓட்டம் என்பர். சில இடங்களில் அதன் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டரைத் தொடும். மறு ஆண்டிலேயே, 1778-இல், இந்த ஓட்டத்தையும் அருகிலுள்ள கடலடித் திட்டையும் காட்டும் வரைபடத்தை ரென்னல் வெளியிட்டார். இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல் அதன்மேல் ஏறிக்கொண்டால் மேற்கு நோக்கி விரையலாம். இந்தியாவுக்கு வரும் கப்பல் தெரியாமல் அதற்குள் நுழைந்தால் பாய் விரிந்திருந்தும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அன்று முதல் அவருடைய நிலவரைவியல் ஆராய்ச்சிகளுக்கு நடுவே கடல் நீரோட்டங்களும் இடம்பெறலாயின. ஆனால் அவரோ இலண்டனில் வீட்டுக்குள் அமர்ந்திருந்த மனிதர். பார்க்காத கடலின் ஓட்டத்தை எப்படிக் கண்டறிந்தார்? இங்கேதான் அவருடைய முறையின் அழகு இருக்கிறது.

ஒவ்வொரு கப்பலிலும் ஒரு நாட்குறிப்பு ஏடு உண்டு. எந்தத் திசையில் சென்றோம், காற்று எப்பக்கம், கயிற்றில் கட்டிய பலகையை நீரில் விட்டு அளந்த வேகம் எவ்வளவு என்பவற்றை மாலுமிகள் வேளைதோறும் அதில் எழுதுவர். இவற்றைக் கூட்டிக் கணக்கிட்டால், கப்பல் இன்ன இடத்தில் இருக்கவேண்டும் என்பது தெரியும். மற்றொரு புறம், கதிரவனையும் விண்மீன்களையும் நோக்கி அளந்தால், கப்பல் மெய்யாகவே இருக்கும் இடம் தெரியும். கிழக்கு மேற்குத் தொலைவைத் திருத்தமாக அறிய, அசையும் கப்பலிலும் நேரம் தவறாத கடிகாரம் வேண்டும். அத்தகைய காலமானிகள் ரென்னலின் காலத்தில்தான் கப்பல்களுக்கு வரத் தொடங்கியிருந்தன. இந்த இரண்டு இடங்களும் பொருந்தாவிட்டால்? பழைய மாலுமி அதைத் தம் கணக்கின் பிழை என்று எண்ணி அடித்துத் திருத்திவிடுவார். ரென்னல் அந்த வேறுபாட்டையே பொன்போல் சேர்த்து வைத்தார். ஒரு கப்பலின் வேறுபாடு பிழையாக இருக்கலாம். ஒரே இடத்தில் பல கப்பல்கள், பல ஆண்டுகளில், ஒரே பக்கமாக விலகியிருந்தால் அது பிழையன்று, கடலின் ஓட்டம். ஏடு ஏடாக, கப்பல் கப்பலாக, கோடு கோடாக அவர் வரைந்து சேர்த்தார்.

இதன் பயன் ஏட்டளவில் நின்றதன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் சில்லி என்னும் பாறைத் தீவுகள் உள்ளன. 1707 அக்டோபரில் தாயகம் திரும்பிய ஓர் ஆங்கிலக் கடற்படை, தான் இருக்கும் இடம் தவறாகக் கணிக்கப்பட்டமையால் இரவில் அப்பாறைகளில் சிக்கியது. நான்கு கப்பல்கள் மூழ்கின. 1400-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். 1793-இல் ரென்னல் இலண்டன் அரச கழகத்தில் ஒரு கட்டுரையை முன்வைத்தார். மேலைக்காற்று நீடித்து வீசும்போது பிஸ்கே விரிகுடாவில் நீர் தேங்கிப் பெருகுகிறது. பின் அது வடமேற்காக வழிந்து, சில்லித் தீவுகளுக்கு மேற்கே குறுக்கே பாய்கிறது. முகில் மூடிய நாள்களில் கதிரவனைக் காணாத மாலுமி தாம் தெற்கே இருப்பதாக எண்ணியிருக்க, கப்பல் வடக்கே பாறைகளை நோக்கித் தள்ளப்படுகிறது என்று அதில் காட்டினார். அந்த ஓட்டத்துக்கு அவர் பெயரையே பின்னோர் இட்டனர்.

நீரோட்டங்களை அவர் இரு வகையாகப் பிரித்தார். காற்று கடலின் மேற்பரப்பை உரசி நேரடியாகத் தள்ளிச் செல்வது ஒன்று. அவ்வாறு தள்ளப்பட்ட நீர் ஓரிடத்தில் தேங்கி உயர்ந்தபின், வழி கண்டு ஆறுபோல் பாய்வது மற்றொன்று. இன்றைய அறிவியல் இதனுடன் பூமியின் சுழற்சி, நீரின் வெப்பம், உப்பின் அளவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. எனினும் காற்றையும் ஓட்டத்தையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்ற அவருடைய அடிப்படை நிலைத்துவிட்டது.

1830 மார்ச் 29-ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் அவர் இறந்தபோது, அட்லாண்டிக் மாக்கடலின் நீரோட்டங்களைப் பற்றிய பெருநூல் அச்சேறாமல் இருந்தது. மகள் அதை விட்டுவிடவில்லை. 1832-இல் அவருடைய முயற்சியால் வரைபடங்களுடன் நூல் வெளிவந்தது. தந்தையின் உடல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

இங்கே அமெரிக்காவில் நடந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 1768-69 ஆண்டுகளில் அங்குள்ள குடியேற்றங்களின் அஞ்சல் துறைக்குப் பொறுப்பாளராயிருந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். இங்கிலாந்திலிருந்து வரும் அரசாங்க அஞ்சல் கப்பல்கள், சாதாரண வணிகக் கப்பல்களைவிட இரண்டு வாரம் பிந்தி வருவது ஏன் என்று அவரிடம் கேட்டனர். அவர் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த தம் உறவினரான ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவரிடம் வினவினார். விடை உடனே கிடைத்தது: அஞ்சல் கப்பல்கள் எதிரோட்டத்துக்குள் புகுந்து போராடிக்கொண்டிருக்கின்றன, நாங்கள் நடுக்கடலில் கண்டு எச்சரித்தாலும், வெறும் மீன்பிடிப்பவர்களிடம் பாடம் கேட்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. அவர் குறித்துக் கொடுத்த ஓட்டத்தைப் பிராங்கிளின் அச்சிட்டே கொடுத்தார். அதையும் அஞ்சல் கப்பல் தலைவர்கள் பொருட்படுத்தவில்லை.

மீன்பிடிப்பவரும் மாலுமியும் எழுதியனுப்பும் குறிப்பே கடலறிவின் மூலதனம் என்பதைச் செயலில் காட்டியவர் அமெரிக்கக் கடற்படையின் மாத்யூ போன்டெய்ன் மோரி. 1839-இல் கோச்சு வண்டி கவிழ்ந்து கால் முறிந்ததால் கடற்பணிக்குத் தகுதியற்றவராகி, 1842-இல் கடற்படையின் வரைபடக் கிடங்குக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார். அங்கே குவிந்து கிடந்த பழைய கப்பல் ஏடுகளை அவர் புரட்டலானார். 1847 முதல் காற்றையும் ஓட்டத்தையும் ஒருங்கே காட்டும் படங்கள் வெளிவந்தன. குறித்த படிவத்தில் ஏடு எழுதியனுப்பும் எந்தக் கப்பல் தலைவருக்கும் அப்படங்கள் இலவசம்! நியூயார்க்கிலிருந்து தென்னமெரிக்க முனையைச் சுற்றிக் கலிபோர்னியா செல்லும் நெடும்பயணத்தில் வாரக்கணக்கான நாள்கள் மிச்சமாயின. 1853-இல் புருசெல்ஸ் நகரில் பத்து நாடுகள் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் குறிப்பெழுத இணங்கின. போர் வந்தாலும் இந்த ஏடுகளுக்குப் பகை இருக்கலாகாது என்பது மோரியின் எண்ணம். கடலின் வழிகளைக் குறிப்பிடும் எட்டாம் திருப்பாடலின்மீது அவர் கொண்டிருந்த பற்றும் பலர் அறிந்ததே. இத்தகையவர் 1861-இல் அடிமை முறையைக் காத்து நின்ற தென்மாநிலங்களின் பக்கம் சேர்ந்து, கப்பல்களைத் தகர்க்கும் கண்ணிவெடிகளை உருவாக்குவதில் ஈடுபட்டார் என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ரிச்மண்ட் நகரிலிருந்த அவர் சிலை 2020-இல் அகற்றப்பட்டது.

இனி நம் கடல். உலகின் மற்றப் பெருங்கடல்களில் பேரோட்டங்கள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே திசையில் பாய்கின்றன. நம் குமரிக்குத் தெற்கேயோ ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக்கடல் நீர் குமரியின் தெற்கே கிழக்கு நோக்கி வங்கக்கடலுக்குச் செல்கிறது. வடகிழக்குப் பருவத்தில் வங்கக்கடல் நீர் மேற்கு நோக்கித் திரும்புகிறது. ஆனி, ஆடி மாதங்களில் நம் மேற்குக் கரையை ஒட்டிய மேல்நீர் கரையைவிட்டு விலகுவதால், அடியிலுள்ள குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழும்புகிறது. சாளையும் அயிலையும் பெருகுவது அதனால்தான். தக்கலைச் சந்தையில் மீனுக்கு விலை பேசும் நாம் அதை நினைப்பதில்லை.

2017 நவம்பர் 30-ஆம் நாளை நம் மாவட்டம் மறக்கவில்லை. ஒக்கிப் புயல் குமரிக் கடலில் உருப்பெற்ற வேகம் கரையிலுள்ளோர்க்கே போதிய அவகாசம் தரவில்லை; ஏற்கெனவே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்குச் செய்தி சேரவுமில்லை. காற்றும் நீவாடும் இழுத்த இழுப்பில் சில விசைப்படகுகள் லட்சத்தீவிலும், சில வெகுதொலைவிலுள்ள மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கின. பலர் திரும்பவே இல்லை. அந்நாள்களில் வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர்ப் பகுதி ஆலயங்களில் கூடிய தாய்மார் கேட்ட கேள்வி ஒன்றே: எங்கே தேடுவது? கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதக்கும் மனிதன் கவிழ்ந்த இடத்தில் இருப்பதில்லை. ஒரு நாள் கழித்து அவன் எங்கே இருப்பான் என்பதைக் காற்றும் நீரோட்டமும்தான் முடிவு செய்கின்றன. ரென்னல் தேடிய விடையும் இதுவே.

இதற்கென ஒரு கணினி முறை இன்று நம் நாட்டில் உண்டு. ஐதராபாத்தில் 1999-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதை 2016-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காணாமற்போனவர் கடைசியாக இருந்த இடமும் நேரமும் தெரிந்தால், எந்தப் பரப்பில் தேடவேண்டும் என்று அது கணித்துச் சொல்லும். கடைசியாக இருந்த இடமும் நேரமும் தெரியவேண்டும். அதுவே முதல் தேவை. ஒக்கிக்குப் பின், கரையிலிருந்து எட்டாத தொலைவிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் 2019 முதல் மீனவருக்கு அறிமுகமாயின. படகில் அது இருக்கிறதா, இயங்குகிறதா என்பதை வீட்டிலுள்ளோரும் கேட்டறிந்து கொள்வது நன்று.

நம் பெரியவர்கள் மேற்கு மலை முகடுகளையும் கோயில் கோபுரங்களையும் கண்ணால் ஒரு கோட்டில் பொருத்தி, கடலடிப் பாறை இருக்கும் இடத்தைத் தப்பாமல் கண்டவர்கள். தூண்டில் கயிறு சாயும் சாய்வைப் பார்த்து நீவாட்டின் பக்கத்தையும் வலுவையும் சொன்னவர்கள். அவர்களுடைய பேரர்கள் இடங்காட்டும் கருவியைப் படகில் வைத்திருக்கிறார்கள். படகு எப்பக்கம் நோக்கி நிற்கிறது, மெய்யாக எப்பக்கம் செல்கிறது என்ற இரண்டையும் இன்று எளிதில் குறித்துக்கொள்ளலாம். இலண்டனில் அமர்ந்து ரென்னல் ஆண்டுக்கணக்கில் பழைய ஏடுகளில் துழாவிச் சேர்த்த வேறுபாடு இதுதான். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் செல்லும் படகில் ஒருவர், நாள், நேரம், இடம், காற்று, நீவாடு என்று ஐந்து கோடுகள் கிழித்த ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டால், எழுதுவதற்கு ஒரு வேளைக்கு இரண்டு நிமிடம் ஆகும்.